எனக்கு முன்னால் ஓட்டியவர்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. பட்டப்பகல். கீரனூரைத் தாண்டி ஒரு சின்ன பஸ் ஸ்டாப். முப்பது நாற்பது பேர் என் காரைச் சுற்றி நின்றுகொண்டு என்னைக் 'கொலைகாரி' என்று கத்தினார்கள்.

என் கார் என்றா எழுதினேன்? மன்னிக்கவும். அங்கேதான் சிக்கலே. அது என் கார் இல்லை.

இந்தப் பக்கத்தைத் தவறாமல் படிக்கிறவர்களுக்கு என்னைத் தெரியும். ஹைஸ்கூலில் கணக்கு டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவள். அதிகபட்சம் யாரையாவது முட்டி போட வைத்திருப்பேன். அதற்கு மேல் எந்தக் குற்றமும் செய்ததில்லை. அப்படிப்பட்டவளுக்கு இந்தப் பட்டம் எப்படிக் கிடைத்தது? முதலிலிருந்து சொல்கிறேன்.

என் கணவர் சேவியருக்குத் திருச்சியில் கண்புரை ஆபரேஷன். திங்களன்று முடிந்தது. மறுநாள் காலையில் கட்டைப் பிரித்து, கறுப்புக் கண்ணாடியை மாட்டி, டாக்டர் ஒரு பட்டியல் வாசித்தார். குனியக் கூடாது. தும்மக் கூடாது. தண்ணீர் படக் கூடாது. தூசி… கூடவே கூடாது.

புதுக்கோட்டைக்கு எப்படித் திரும்புவது? பஸ்ஸில் ஏற்றினால் தூசி. டாக்சி என்றால், டிரைவர் வெறும் வண்டியைத் திருச்சிக்குத் திருப்பி ஓட்டிவர அதற்கும் சேர்த்து நாம்தான் அழ வேண்டும். எங்கள் பழைய காரை, இவருக்குப் பார்வை மங்க ஆரம்பித்த போதே விற்றுவிட்டோம்.

சென்னையிலிருந்து மகள் ஷீலா ஃபோனில் வழி சொன்னாள். "அம்மா, ஒன்வே கார் ஷேரிங் இப்போ அங்கேயும் வந்தாச்சு. நீயே ஓட்டிட்டுப் போ. புதுக்கோட்டையில விட்டுட்டு நடந்து வீட்டுக்குப் போயிடு. திருப்பிக் கொண்டுவந்து விடவே வேணாம்!"

விஷயம் இதுதான். ஊரில் சில இடங்களில் அந்தக் கம்பெனியின் கார்கள் நிற்கும். ஃபோனில் புக் செய்தால் ஃபோனாலேயே கதவு திறக்கும். சாவி கிடையாது. டிரைவர் கிடையாது. ஆபீஸ் கிடையாது. ஓட்டிப் போய், அடுத்த ஊரில் அவர்கள் குறித்த இடத்தில் நிறுத்திவிட்டு இறங்கிப் போகலாம். அடுத்தவர் வந்து எடுத்துக்கொள்வார்.

ஷீலா இதற்குப் பெரிய ரசிகை. சென்னையில் அவளுக்குச் சொந்தக் கார் இல்லை. "அரை மணி நேரம் ஓட்டிட்டு மிச்ச நேரமெல்லாம் தெருவை அடைச்சு நிறுத்தி வைக்க ஒரு கார் எதுக்கும்மா?" என்பாள். நியாயம்தானே? பத்து வீட்டுக்குப் பத்து கார் நிற்கிற தெருவில், இரண்டு கார் மாறி மாறி ஓடினால் போதாதா? நானும் தலையாட்டினேன்.

ஜங்ஷன் பக்கம் ஒரு பார்க்கிங்கில் கார் நின்றது. வெள்ளை நிறம். கதவில் பட்டையாகப் பச்சைக் கோடு. எடுப்பதற்கு முன் நான்கு பக்கமும் படம் பிடித்து அனுப்பச் சொன்னது ஃபோன். படம் பிடித்துக்கொண்டே முன்பக்கம் வந்தேன்.

இடது பக்க ஹெட்லைட் நொறுங்கியிருந்தது. பம்பர் உள்வாங்கியிருந்தது. அந்த இடுக்கில் நாலைந்து வைக்கோல் துரும்பு சிக்கியிருந்தது.

"என்ன ஜெசிந்தா, லைட்டு ஒடஞ்சிருக்கா?" என்றார் சேவியர். ஒரு கண்ணிலேயே அவ்வளவும் தெரிந்திருக்கிறது!

"எவனாவது செவுத்துல மோதியிருப்பான். நான் போட்டோ எடுத்துட்டேன். பகல்தானே, லைட்டு எதுக்கு? நமக்கென்ன?"

கிட்டப்போய் இன்னும் இரண்டு படம் கூடுதலாக எடுத்தேன். பழி நம் தலையில் விழுந்துவிடக் கூடாதே! பிறகு அந்த வைக்கோலை உருவிக் கீழே போட்டேன். கையைத் தட்டிக்கொண்டு வண்டியில் ஏறினேன்.

நமக்கென்ன… அந்த வார்த்தையை எவ்வளவு சுலபமாகச் சொல்லியிருக்கிறேன், பாருங்கள்.

சேவியர் பின் சீட்டில் சாய்ந்துகொண்டார். ஏசி குளுகுளு. மாத்தூர் போனது, கீரனூர் போனது. பரவாயில்லையே, நம் ஊருக்கும் நல்ல காலம் வந்துவிட்டதே என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச தூரத்தில் ரோட்டின் குறுக்கே ஒரு மோட்டார் பைக் படுத்திருந்தது. பக்கத்தில் கூட்டம். தண்ணீர் வரவில்லை என்று மறியலோ? வேகத்தைக் குறைத்தேன். கண்ணாடியை இறக்கி, "என்னங்க ஆச்சு?" என்று கேட்டேன்.

கேட்டிருக்கக் கூடாது.

"இதான்டா! இதே வண்டிதான்! பச்சைக் கோடு!"

"வெளக்கப் பாருடா! ஒடஞ்சிருக்கு பாரு!"

ஒரே நேரத்தில் எத்தனை கைகள்… பானெட்டில் அடி, கதவில் அடி, தலைக்கு மேலே கூரையில் அடி. காருக்குள் உட்கார்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கிறீர்களா? யாருக்கும் வேண்டாம் அந்த அனுபவம்.

நீலச் சட்டை போட்ட ஒருவர் ஜன்னல் வழியாகக் கையை விட்டு ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டார். கண் சிவந்திருந்தது. "காலையில எங்க ஆள அடிச்சுப் போட்டுட்டு, இப்ப ஒண்ணுந் தெரியாத மாதிரி இதே வழியில வாரியா? எறங்குடி கீழ!"

"நான் இல்லைங்க… இது வாடகை வண்டிங்க… நான் இப்பத்தான் திருச்சியில எடுத்தேன்…"

"சாவியக் குடு!"

"சாவி இல்லைங்க."

"சாவி இல்லாம வண்டி எப்புடி ஓடுது?"

"ஃபோன்லதாங்க…"

"யாருகிட்ட கதை விடுற?"

நீங்களே சொல்லுங்கள். அவர் இடத்தில் நீங்கள் இருந்தால் நம்புவீர்களா? காரும் என்னுடையது இல்லை, சாவியும் இல்லை, காலையில் ஓட்டியதும் நான் இல்லை. உண்மை இவ்வளவு பொய் மாதிரி ஒலித்து நான் கேட்டதே இல்லை.

அந்த நொடியில் எனக்குள் என்ன நடந்தது என்பதை ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன். பைக்குக்கும் ரோட்டோரப் புளிய மரத்துக்கும் நடுவில் ஒரு இடைவெளி. ஒரு கார் நுழையும். என் வலது கால் ஆக்ஸிலேட்டரைத் தேடியது. மிதித்தால் போய்விடலாம். யார் மேல் ஏறும், யார் விழுவார் என்றெல்லாம் அந்தக் காலுக்குக் கவலை இல்லை. அதற்குத் தெரிந்தது ஒன்றுதான் — இங்கிருந்து போக வேண்டும்.

மிதிக்கவில்லை. மனசாட்சி தடுத்தது என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் உண்மை அதுவல்ல. கால் நடுங்கியது. அவ்வளவுதான்.

அவர் கையை எடுத்த நொடியில் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கம்பெனியின் உதவி எண்ணை அழைத்தேன். முதலில் இசை. வெளியே 'கொலைகாரி, கொலைகாரி' என்று குரல், காதுக்குள் புல்லாங்குழல். ஒரு வழியாக ஒரு பெண் வந்தார்.

"மேடம், விபத்து என்று பதிவு செய்துகொள்ளட்டுமா?"

"நான் இடிக்கலம்மா! எனக்கு முன்னாடி இந்த வண்டிய ஓட்டினது யாருன்னு சொல்லு. இவங்ககிட்ட சொல்லு!"

"மற்ற வாடிக்கையாளர்களின் விவரங்களைத் தர இயலாது மேடம். உங்கள் பாதுகாப்பு கருதி இப்போது வாகனத்தை நிறுத்தி வைக்கிறோம்."

என்ஜின் செத்தது. ஏசி நின்றது. எங்கேயோ ஒரு ஊரில் யாரோ ஒரு பட்டனைத் தட்டியிருக்கிறார்கள் — என் பாதுகாப்புக்காக!

அப்போதுதான் கல் விழுந்தது. பின் கண்ணாடி முழுக்க விரிசல் ஓடி, ஒரு மூலை பொலபொலவென்று உள்ளே உதிர்ந்தது. சேவியர் தலையைக் கவிழ்த்துக் குனிந்துவிட்டார். குனியவே கூடாதவர்.

பிறகு மெதுவாக, "ஜெசிந்தா… கண்ணுல ஏதோ உறுத்துது" என்றார்.

அதுவரை எனக்கு இருந்த பயம் ஒரு பயமே இல்லை. இது வேறு. 'மாதாவே, மாதாவே' என்று வாய் தானாகச் சொன்னது. கதவைத் திறந்துகொண்டு இறங்கிவிட்டேன். கையெடுத்துக் கும்பிட்டேன்.

"எங்க வீட்டுக்காரருக்கு நேத்துத்தான் கண்ணு ஆபரேஷன் பண்ணியிருக்கு. அவர விட்டுருங்க. என்னைய என்ன வேணா செய்ங்க."

நீலச் சட்டைக்காரர் என் ஃபோனைப் பிடுங்கினார். இன்னொருவர் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினார். கண்ணாடி வளையல் உடைந்து சதையில் ஏறியது. அடுத்தது அடிதான் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"விடுங்கப்பா கைய. இந்தம்மா இல்ல."

கண்ணைத் திறந்தேன். நாற்பத்தைந்து வயது இருக்கும், ஒல்லியான ஒரு பெண் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்துகொண்டிருந்தார். மஞ்சள் சேலை. மடியிலிருந்து முழங்கால் வரை ரத்தம் காய்ந்து பழுப்பாகியிருந்தது.

"யக்கா, வண்டி இதுதானே?" என்றான் கையைப் பிடித்திருந்தவன்.

"வண்டி இதுதான். ஆளு இது இல்ல. நான்தானே பாத்தேன்? அவன் எளவட்டப் பய. கண்ணாடிய எறக்கினான். கீழ கெடந்தவனப் பாத்தான், என்னையப் பாத்தான். அப்புறம் போயிட்டான்."

"இவளுக்கு மகனா இருக்கும்! எல்லாம் ஒரே கூட்டம்" என்றார் நீலச் சட்டைக்காரர்.

அந்தப் பெண் அவர் பக்கம் திரும்பினார். குரலை உயர்த்தவே இல்லை. "ஒங்களுக்கு மச்சினன்னா எனக்குக் கூடப் பொறந்தவன். எனக்கு இல்லாத கோவமா ஒங்களுக்கு? அந்தம்மா ஃபோனக் குடுங்க."

அவர் பெயர் பழனியம்மாள். நீலச் சட்டைக்காரர் அவருடைய கணவர் சின்னத்துரை. காலையில் அடிபட்டவர் பழனியம்மாளின் தம்பி முருகேசன். சைக்கிளில் மாட்டுக்கு வைக்கோல் கட்டிக்கொண்டு ரோட்டைக் கடந்திருக்கிறார். புதுக்கோட்டையிலிருந்து திருச்சிக்குப் போன இந்தக் கார் அடித்துத் தூக்கிப் போட்டுவிட்டது. ஆம்புலன்ஸ் வரும்வரை தம்பியின் தலையை மடியில் தாங்கியிருந்தவர் இவர். முருகேசனின் மனைவி ஆஸ்பத்திரிக்குக் கூடப் போயிருக்கிறார். நேரில் பார்த்த சாட்சி என்பதால் போலீசிடம் சொல்வதற்காக இவர் ரோட்டோரத்திலேயே காத்திருந்தார். நடுவில் யாரோ, 'ஆள் போயிட்டாராம்' என்று ஒரு வதந்தியைக் கிளப்பிவிட, அந்தச் சூட்டில்தான் நான் போய் மாட்டியிருக்கிறேன்.

ஓட்டியவன் வண்டியைத் திருச்சியில் விட்டுவிட்டு நடந்து போய்விட்டான். கொஞ்ச நேரத்தில் அதை நான் எடுத்து, அதே ரோட்டில், அதே இடத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தினேன். ஒன்வே என்றால் இதுதான் போல — ஓட்டினவருக்குத்தான் ஒரு வழி. வண்டி திரும்பி வந்துகொண்டுதான் இருக்கும்.

பழனியம்மாள் சேவியரைக் கைத்தாங்கலாக இறக்கி, டீக்கடை நாற்காலியில் உட்கார வைத்தார். யாரோ செம்பில் தண்ணீர் கொண்டுவர, நான் பதறி, "தண்ணி படக் கூடாதுங்க" என்றேன். உடனே செம்பை வாங்கி வைத்துவிட்டு, புழுதி வராத பக்கமாக நாற்காலியைத் திருப்பிப் போட்டார். தம்பி ஆஸ்பத்திரியில் உயிரோடு இருக்கிறானா இல்லையா என்றே தெரியாத நேரம் அது. இவர் என் கணவரின் கண்ணில் தூசி விழாமல் மறைத்துக்கொண்டு நிற்கிறார்!

"வண்டிய எடுக்கையிலயே வெளக்கு ஒடஞ்சுதான் இருந்துச்சா?" என்று கேட்டார்.

"ஆமாம்மா. போட்டோ இருக்கு." படத்தைத் திறந்து காட்டினேன். நேரம் பதிவாகியிருந்தது. பின்னால் பார்க்கிங் போர்டும் தெரிந்தது. சின்னத்துரையும் எட்டிப் பார்த்தார். அவர் தோள் தளர்ந்ததை நான் கவனித்தேன். எனக்கு உயிர் வந்தது.

பழனியம்மாள் மட்டும் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பம்பரில் சிக்கியிருந்த துரும்பின் மேல் விரலை வைத்தார். "இது அவன் ஏத்திட்டு வந்த வைக்கலு."

பிறகு நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். "இம்புட்டு ஒடஞ்சிருக்கே… எங்க இடிச்சுச்சுன்னு யாரையும் கேக்கலையாம்மா?"

கோபமாகக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். சும்மா, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

யாரைக் கேட்பது? டாக்சி என்றால் டிரைவர் இருப்பார். பஸ் என்றால் கண்டக்டர். பக்கத்து வீட்டில் இரவல் வாங்கினால் பக்கத்து வீட்டுக்காரர். இந்த வண்டிக்கு யாருமே இல்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்க்கிறேன். ஆனால், யாராவது இருந்திருந்தால் மட்டும் நான் கேட்டிருப்பேனா? படம் எடுத்தது என்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தானே? அந்த வைக்கோலைக் கையால் உருவிப் போட்டவள் நான். அது எங்கே இருந்து வந்தது என்று நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

போலீஸ் வந்தது. என்னிடமும் பழனியம்மாளிடமும் எழுதி வாங்கினார்கள். அதற்குள் ஆஸ்பத்திரியிலிருந்து சின்னத்துரைக்கு ஃபோன் வந்தது. முருகேசன் பிழைத்துவிட்டார். கால் இரண்டு இடத்தில் முறிவு, தலையில் தையல். உயிருக்கு ஆபத்தில்லை. சின்னத்துரை அப்படியே ரோட்டில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அழுதார். என் மணிக்கட்டை முறுக்கியவன் எங்கே போனான் என்று தெரியவில்லை. அவனையும் குறை சொல்ல மாட்டேன்.

அந்த ஊர் ஆட்டோ ஒன்றில் திருச்சிக்கே திரும்பினோம். டாக்டர் கண்ணைப் பார்த்து முடிக்கும்வரை நான் மூச்சு விட்டேனா என்பது சந்தேகம். கண்ணாடித் துகள் இல்லை, தூசிதான். லேசான கீறல், ஒரு வாரத்தில் ஆறிவிடும் என்றார். ஆறிவிட்டது. அன்று சாயங்காலம் ஃபோனில் ஒரு மெசேஜ் வந்தது. 'உங்கள் பயணம் எப்படி இருந்தது? ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?'

இதையெல்லாம் கேட்ட ஷீலா, "தப்பு வண்டி மேல இல்லம்மா, ஓட்டினவன் மேல" என்றாள். அதுவும் சரிதான். ஒன்று சொல்ல வேண்டும். அவனைக் கண்டுபிடித்துக் கொடுத்ததும் அதே ஃபோன்தான். வண்டி எப்போது கிளம்பியது, எங்கே எவ்வளவு வேகம், எங்கே சில நொடி நின்றது… எல்லாம் பதிவாகியிருந்தது. போலீஸ் எழுத்தில் கேட்டதும் கம்பெனி கொடுத்துவிட்டது. வேறு கார் என்றால் முருகேசனை அடித்தது யாரென்று கடைசிவரை தெரியாமலே போயிருக்கலாம்.

ஆனால் கம்பெனி கொடுத்த பெயரும் ஓட்டியவன் பெயர் இல்லை! அது அண்ணன் பெயர். லைசென்ஸும் அண்ணனுடையது. அண்ணன் வெளிநாட்டில் இருக்கிறார். அவர் கணக்கில் புகுந்து வண்டியை எடுத்தவன் தம்பி. வேலைக்கு இன்டர்வியூவாம், நேரமாகிவிட்டதாம். ஃபோனுக்கு முகமா தெரியும்? நம்பர் சரியாக இருந்தது, கதவைத் திறந்துவிட்டது.

கையெழுத்துப் போட ஸ்டேஷனுக்குப் போனபோது அவனைப் பார்த்தேன். அப்பாவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். இன்டர்வியூவுக்குப் போட்ட அதே வெள்ளைச் சட்டையோ என்னவோ. ஏன்டா நிற்காமல் போனாய் என்று இன்ஸ்பெக்டர் கேட்டதற்கு ஒரே பதில்தான். "பயந்துட்டேன் சார்."

எனக்கு அவன் மேல் கொலைவெறி வந்திருக்க வேண்டும். வரவில்லை. புளிய மரத்துக்கும் பைக்குக்கும் நடுவில் இடைவெளியைப் பார்த்தது என் கண்தானே? ஆக்ஸிலேட்டரைத் தேடியது என் கால்தானே? அவன் கால் நடுங்கவில்லை, என் கால் நடுங்கியது. எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வித்தியாசம் அவ்வளவுதானோ?

போன ஞாயிறு பூசை முடிந்ததும் நானும் சேவியரும் முருகேசனைப் பார்க்கப் போனோம். பஸ்ஸில்தான். ரோட்டை ஒட்டியே வீடு. வாசலில் கட்டில் போட்டு, காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துப் படுத்திருந்தார். காலுக்குள் பிளேட் வைத்திருக்கிறார்கள். நடக்க மாதக் கணக்காகும். "டீச்சரு, ஒங்களத்தான் எங்க மச்சான் அடிக்கப் போனாராமே!" என்று சிரித்தார். சின்னத்துரை தலையைக் குனிந்துகொண்டு, குடிக்கக் கலர் வாங்கி வருகிறேன் என்று கடைப்பக்கம் நழுவிவிட்டார்.

பேசிக்கொண்டிருக்கும்போது பழனியம்மாள் கேட்டார். "அந்தக் காரு இப்ப எங்க டீச்சர் கெடக்கு? ஸ்டேஷன்லயா?"

ஃபோனை எடுத்துப் பார்த்தேன். நான் எடுத்த வண்டியின் நம்பர் அதில் இருந்தது. தட்டினேன். புதுப் படம் போட்டிருந்தார்கள். புது ஹெட்லைட், புது பம்பர், புதுப் பின் கண்ணாடி. பளிச்சென்று இருந்தது. கீழே இரண்டே வார்த்தை: 'தற்போது பயணத்தில்'.

"ஸ்டேஷன்லேர்ந்து விட்டுட்டாங்க போல. இப்ப யாரோ ஓட்டிக்கிட்டிருக்காங்க" என்றேன்.

"யாரு?"

"தெரியலம்மா."

"எங்கிட்டு போகுது?"

"அதையும் காட்டல."

பழனியம்மாள் எழுந்து போய், ரோட்டோரம் மேய்ந்துகொண்டிருந்த ஆட்டை இழுத்து வந்து கட்டில் காலில் கட்டினார்.